கடனுக்கு ஜாமீன் உண்டு, விவரத்துக்கு?

பதினெட்டு வயதுப் பையனுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கி மேனேஜருக்கும் மனசு வராது. அடகு வைக்க நிலம் இல்லை, நகை இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. படிப்பை முடிப்பானா, முடித்தால் வேலை கிடைக்குமா, கிடைத்தாலும் ஒழுங்காகத் தவணை கட்டுவானா என்று கேள்விமேல் கேள்வி. அமெரிக்காவில் இந்தத் தயக்கத்துக்கு முதலில் வழி கண்டது மாசசூசெட்ஸ் மாநிலம். 1956இல் அங்கே லாப நோக்கில்லாத நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அது யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. கடன் கொடுக்கும் வங்கியிடம், பையன் கட்டாவிட்டால் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது. மாணவர் கடனுக்கு ஜாமீன் நிற்பதே தொழிலாக இருந்த நிறுவனங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

அடுத்த ஆண்டே சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியது. விஞ்ஞானத்தில் பின்தங்கிவிட்டோமோ என்ற பதற்றத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் 1958இல் ஒரு கல்விச் சட்டத்தை நிறைவேற்றி, மாணவர்களுக்கு அரசுப் பணத்திலேயே கடன் கொடுக்க ஏற்பாடு செய்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘தேசப் பாதுகாப்பு’ இருந்தது. ஆனால் பெரிய பாய்ச்சல் 1965 நவம்பர் 8ஆம் தேதி நடந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சஸ் மாநிலத்துச் சான் மார்க்கஸ் கல்லூரிக்கே போய், உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வங்கி கடன் கொடுக்கும், உத்தரவாத நிறுவனம் ஜாமீன் நிற்கும், பின்னால் மத்திய அரசு நிற்கும் என்ற ஏற்பாடு நாடு முழுவதற்கும் வந்தது. 1976 சட்டத் திருத்தம் ஊக்கம் கொடுத்ததில் மாநிலங்கள் வரிசையாகத் தங்களுக்கென்று இப்படி ஒரு நிறுவனத்தை உண்டாக்கிக்கொண்டன. டெக்சஸின் நிறுவனம் 1979இல் வந்தது.

பணத்தைப் பொறுத்தவரை இது பிரமாதமான ஏற்பாடு. மாணவன் கைவிட்டால் உத்தரவாத நிறுவனம் வங்கிக்குக் கட்டும். உத்தரவாத நிறுவனம் கட்டியதை மத்திய அரசு ஈடுகட்டும். ஒவ்வொரு டாலருக்கும் அடுக்கடுக்காகக் காப்பு. அந்த டாலரோடு சேர்ந்து கைமாறிய விவரங்களுக்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது. அது தொலைந்தால் யார் பொறுப்பு என்று சட்டத்தை எழுதியவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அது வெறும் காகிதம். காகிதத்தை யார் திருடப் போகிறார்கள்?

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் என்று ஒரு முறை பார்க்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண். இந்த எண் 1936இல் ஓய்வூதியக் கணக்குக்காகக் கொடுக்கத் தொடங்கியது. 1943இல் அதிபர் ரூஸ்வெல்ட், அரசுத் துறைகள் ஆளை அடையாளம் காண இதையே பயன்படுத்தலாம் என்று உத்தரவிட்டார். அதிலிருந்து எந்த விண்ணப்பமானாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான் என்றாகிவிட்டது. ஓர் அமெரிக்கரின் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கவும் வரிப் பணத்தைத் திரும்பப் பெறவும் அந்த ஒன்பது இலக்கங்களும் பிறந்த தேதியும் பெரும்பாலும் போதும். மாணவர் கடன் பத்திரத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. வெவ்வேறு முகவரியில் வசிக்கும் இரண்டு பேரின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணை மாணவர் எழுதித் தர வேண்டும். நாளைக்கு ஆள் ஊர் மாறிப் போனால் தேடிப் பிடிக்க இது உதவும். ஆக, ஒரு சென்ட்கூடக் கடன் வாங்காத அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தக் கோப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இந்த நிறுவனங்களைச் சோதிப்பது என்றால் நீண்ட காலம் பணக் கணக்கைச் சோதிப்பது என்றுதான் பொருள். அதற்குக் காரணமும் இருந்தது. 1990இல், அன்றைக்கு நாட்டிலேயே பெரிய உத்தரவாத நிறுவனமாக இருந்த கான்சஸ் மாநிலத்து ‘ஹையர் எஜுகேஷன் அசிஸ்டன்ஸ் ஃபவுண்டேஷன்’ முழுகிப்போனது. படிப்பு என்ற பெயரில் ஏதோ சொல்லிக்கொடுத்த தனியார் தொழிற்பள்ளிகளின் மாணவர்களுக்கு அளவில்லாமல் ஜாமீன் கொடுத்ததன் விளைவு. அதே ஆண்டு, நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, எளிதில் மோசடிக்கு இடம் கொடுக்கும் அரசுத் திட்டங்களின் பட்டியல் ஒன்றைப் போட்டது. மாணவர் கடன் அதில் இடம்பெற்றது. பழைய கடனைக் கட்டாதவனுக்கே வேறொரு மாநிலத்தில் புதுக் கடன் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் எங்கெங்கே எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று பார்க்க ஒரே இடத்தில் ஏடு இல்லாததுதான் பிரச்சினை.

அந்த ஏடு 1994 நவம்பரில் வந்தது. தேசிய மாணவர் கடன் தரவு அமைப்பு என்று பெயர். 1986ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. கட்டி முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. உத்தரவாத நிறுவனங்கள் தங்கள் கணக்குகளை அனுப்பிக்கொண்டே இருக்க, மத்தியக் கணினியில் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. மோசடியைத் தடுக்கக் கட்டிய இந்தக் களஞ்சியம் சில ஆண்டுகளிலேயே வேறொரு ஆசையைக் கிளப்பிவிட்டது.

2000களின் முதல் பாதியில் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாக்கிப் புதுக் கடனாக மாற்றித் தரும் வியாபாரம் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. படிப்பை முடித்தவர் வீட்டுத் தபால் பெட்டியில் தினம் ஒரு விளம்பரக் கடிதம். யாருக்கு எவ்வளவு கடன் என்று இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? 2007 ஏப்ரலில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழ் அந்த ரகசியத்தை உடைத்தது. சுமார் ஆறு கோடிப் பேரின் விவரம் இருந்த மத்தியக் களஞ்சியத்துக்குள் சில கடன் நிறுவனங்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாஸ்வேர்டைக் கொண்டே நுழைந்து, வியாபாரத்துக்கு ஆள் தேடியதாகச் சந்தேகம் எழுந்திருந்தது. செய்தி வந்த சில நாட்களிலேயே கல்வித் துறை, கடன் கொடுப்போர், தவணை வசூலிப்போர், உத்தரவாத நிறுவனங்கள் என எல்லோருக்கும் கதவைத் தற்காலிகமாகச் சாத்தியது. பூட்டை உடைத்து யாரும் உள்ளே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாவி கையில் இருந்தவர்களே போனார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2006 மே மாதத்தில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான அரசுத் துறையின் ஊழியர் வீட்டிலிருந்து ஒரு லேப்டாப் திருடுபோனது. அதில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோரின் விவரம். நாடே அதைப் பேசிக்கொண்டிருந்த அதே மாதக் கடைசியில் டெக்சஸ் உத்தரவாத நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பதின்மூன்று லட்சம் கடனாளிகளின் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அடங்கிய ஒரு கருவி தொலைந்துவிட்டதாம். எண்ணிக்கை பிறகு பதினேழு லட்சமாக உயர்ந்தது. தொலைத்தது அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. ஆவணங்களை நிர்வகிக்கும் மென்பொருள் செய்துகொடுக்க ஒப்பந்தம் எடுத்திருந்த கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றின் ஊழியர். டெக்சஸிலிருந்து கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டு, பூட்டிய நிலையில்தான் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை செய்ய வசதியாகக் குறியாக்கத்தை அவிழ்த்து அந்தக் கருவியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அனுப்பிய இடத்தை மட்டும் யாராவது சோதித்திருந்தால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த ஆகஸ்டிலேயே கல்வித் துறையின் சொந்த இணையதளத்தில், மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நேர்ந்த கோளாறால், இருபத்தோராயிரம் பேர் வரையிலான கடனாளிகளின் விவரம் மற்றவர்கள் கண்ணில் படும்படி ஆகிவிட்டது.

ஆனாலும் இந்தத் தொழிலின் வரலாற்றில் மறக்க முடியாத சம்பவம் 2010 மார்ச் 20, 21 வார இறுதியில் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்ததுதான். ஈசிஎம்சி என்ற உத்தரவாத நிறுவனம், திவாலான கடனாளிகளின் வழக்குகளைக் கையாள்வதில் பேர்போனது. அதன் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் கணினி எதையும் தொடவில்லை. தகவல் தட்டுகள் வைத்திருந்த பெட்டகங்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்து மூன்று லட்சம் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் அதில். மாணவர் கடன் துறை அதுவரை கண்டிராத பெரிய இழப்பு. ஹேக்கர் வேலை இல்லை, பழைய பாணித் திருட்டுதான் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. சில வாரங்கள் கழித்துத் தட்டுகள் கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பெட்டகத்தில் வைத்தது தப்பா என்று ஈசிஎம்சிக்காரர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். இரண்டு பேர் சேர்ந்து நகர்த்திக்கொண்டு போக முடிகிற ஒன்றுக்குள் ஒரு மாநிலத்தின் ஜனத்தொகை அளவுக்கு ஆட்களின் விவரம் ஏன் இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

திருட்டு நடந்து பத்தே நாளில், மார்ச் 30ஆம் தேதி, அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இந்த ஜாமீன் ஏற்பாட்டுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, அது மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்து வந்தது. அந்த ஜூன் 30க்குப் பிறகு வங்கி வழியாகப் புதுக் கடன் கிடையாது. அரசே நேரடியாகக் கொடுக்கும். கடையை மூடினாலும் கணக்கு மூடவில்லை. ஏற்கெனவே கொடுத்த கடன்கள் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உத்தரவாத நிறுவனங்கள் அந்தக் கோப்புகளோடு இருந்தாக வேண்டும். வருமானம் குறைந்துகொண்டே போகிற நிறுவனம் முதலில் எந்தச் செலவை வெட்டும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

இந்த நிறுவனங்களின் தகவல் பாதுகாப்பை முறையாக மதிப்பிடும் வேலை ஏன் இவ்வளவு தாமதமாகத் தொடங்கியது என்பதற்கு விடை சட்டத்தின் ஒரு சந்தில் இருக்கிறது. 2002இல் வந்த ஃபிஸ்மா சட்டம், அரசுத் துறைகளும் அரசுக்காக வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் தங்கள் கணினிகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றது. தவணை வசூலிக்கும் கம்பெனிகள் அரசோடு ஒப்பந்தம் போட்டவை. அவை இதற்குள் வந்துவிட்டன. உத்தரவாத நிறுவனங்களோ சில மாநில அரசு அமைப்புகள், சில தனியார் அறக்கட்டளைகள். அவற்றுக்கும் மத்திய அரசுக்கும் இடையில் இருந்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போட்ட உடன்படிக்கை. ஒப்பந்தக்காரரா என்றால் இல்லை. துறையா என்றால் அதுவும் இல்லை. கடன் கொடுத்த வங்கிகள் இன்னும் தள்ளி நின்றன. நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தைக் காக்க வேண்டும் என்ற 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் அவற்றைக் கட்டுப்படுத்தியது. அதைக் கவனிப்பதும் கல்வித் துறை அல்ல.

2010களின் நடுவில் கல்வித் துறையின் மாணவர் உதவி அலுவலகம் உத்தரவாத நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அளவுகோல், நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகள். முறை, சுயமதிப்பீடு. நிறுவனமே படிவத்தை நிரப்பும். நிரப்பியது உண்மை என்று உறுதிமொழியும் கொடுக்கும்.

நிஸ்ட் விதிகள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பவரை என்ன செய்வது என்று ஒரு விதி இருக்கிறது. இத்தனை நிமிடத்துக்குள் இத்தனை முறை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டப்பட வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்ற இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கும். நிறுவனமே நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்று என்றும் எழுதலாம், முப்பது என்றும் எழுதலாம். அணு ஆயுதத் துறையிலிருந்து அஞ்சல் அலுவலகம் வரை எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்பதால் இப்படி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதன் துணை நூல் ஒன்று, விதி நிறைவேறியிருக்கிறதா என்று பார்க்க மூன்று வழிகளைச் சொல்கிறது. ஆவணத்தைப் படித்துப் பார்க்கலாம், ஆளைக் கேட்கலாம், நேரில் சோதித்துப் பார்க்கலாம். முதல் இரண்டையும் மேஜையை விட்டு எழுந்திருக்காமலே முடித்துவிடலாம். மூன்றாவதற்கு ஒருவர் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அடித்து, கணக்கு பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். தன்னைத் தானே மதிப்பிடும் படிவத்தில் எந்த வழி அதிகம் நடக்கும் என்று தணிக்கைத் தொழிலில் இருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள்.

படிவத்தை நிரப்பச் சொன்ன கல்வித் துறையின் சொந்த வீடு எப்படி இருந்தது? 2015 நவம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று கல்வித் துறையை அழைத்து விசாரித்தது. துறையின் கணினிகளில் பதின்மூன்று கோடியே தொண்ணூறு லட்சம் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் இருப்பதாகக் குழு சொன்னது. துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தினர் சோதனைக்காக வலைப்பின்னலுக்குள் நுழைந்து முழு அதிகாரத்தையும் பிடித்திருந்தார்கள். துறைக்கோ, கணினிகளைப் பராமரித்த தனியார் கம்பெனிக்கோ அது தெரியவே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் வரை மாணவர்கள் தங்கள் கணக்குக்குள் போகப் பயன்படுத்தியது நான்கு இலக்கப் பின் எண்தான் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

2017 மார்ச்சில் வேறொரு வாசல் திறந்து கிடந்தது தெரியவந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமானத்தை வரித் துறைக் கணினியிலிருந்து நேராக இழுத்துப் போடும் வசதி ஒன்று இருந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைவலியைக் குறைத்த வசதி. திருடர்கள் மாணவர் வேஷம் போட்டு, வேறொருவர் எண்ணைக் கொடுத்து, அவருடைய வருமான விவரத்தை எடுத்து, பொய் வரிக்கணக்குத் தாக்கல் செய்தார்கள். ஒரு லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், சுமார் எட்டாயிரம் பொய்க் கணக்குகளுக்கு மூன்று கோடி டாலர் போய்விட்டது என்றும் வரித் துறை ஆணையர் செனட் குழுவிடம் சொன்னார். வசதி பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தபோது எண்கள் திரையில் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன.

மறுஆண்டு செப்டம்பரில் ஜிஏஓ, கல்லூரி அல்லாத கூட்டாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர் உதவி அலுவலகம் யாரை எப்படிக் கண்காணிக்கிறது என்று அது ஒவ்வொரு வகையாகப் பார்த்தது. ஒப்பந்தக் கம்பெனிகளிடம் கெடுபிடி. உத்தரவாத நிறுவனங்களிடம் சுயமதிப்பீடு. பழைய கடன்களை வைத்திருக்கும் வங்கிகளிடம் பெயரளவுக்குத்தான். விவரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அது யார் மேஜையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சோதனை கூடிக் குறைந்தது.

கனடாவில் இப்படி ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் இல்லை. அரசுத் துறையே கடன் கணக்கை வைத்திருந்தது. அதனால் பத்திரமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2012 நவம்பர் 5ஆம் தேதி, கியூபெக்கின் கத்தினோ நகரில் இருந்த அரசு அலுவலகம் ஒன்றில் வெளிப்புற ஹார்ட் டிரைவ் ஒன்றைக் காணோம். கணினி மாற்றத்துக்காக நகல் எடுத்து வைத்தது. 2000 முதல் 2006 வரை கடன் வாங்கிய ஐந்து லட்சத்து எண்பத்து மூவாயிரம் பேரின் விவரம் அதில் இருந்தது. பாஸ்வேர்டும் இல்லை, குறியாக்கமும் இல்லை. பொதுமக்களுக்குச் சொன்னது 2013 ஜனவரியில். அந்தத் துறையில் விதிகள் எல்லாம் எழுத்தில் இருந்தன. நடைமுறைக்கு வரவில்லை என்று தனியுரிமை ஆணையர் விசாரித்து எழுதினார். டிரைவ் இன்றுவரை கிடைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. குறைந்தது ஒன்றே முக்கால் கோடி கனடா டாலர், ஆளுக்கு அறுபது. தொலைந்த விவரத்துக்கு அப்படி ஒரு விலை காகிதத்தில் எழுதப்பட்டது.

அமெரிக்காவில் 2022 கோடையில் நெல்நெட் என்ற கம்பெனியின் கணினிக்குள் யாரோ புகுந்ததில் இருபத்தைந்து லட்சம் பேரின் விவரம் போனது. போனது நெல்நெட்டின் வாடிக்கையாளர்கள் விவரம் அல்ல. தவணை வசூலிக்கும் வேறு இரண்டு நிறுவனங்கள், ஒன்று டென்னசியில், ஒன்று ஓக்லஹோமாவில், நெல்நெட்டின் இணையதள மென்பொருளை வாடகைக்கு எடுத்திருந்தன. கடனாளிகளில் பலர் கடிதம் வந்த பிறகுதான் நெல்நெட் என்ற பெயரையே கேள்விப்பட்டிருப்பார்கள். 2006இல் டெக்சஸில் நடந்ததுபோலவே, ஓட்டை ஒரு கை தள்ளி இருந்தது. 2023 ஜூனில் நிதி நிறுவனங்களுக்கான பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. வாடிக்கையாளர் விவரத்தைக் குறியாக்கம் செய்வது, பாஸ்வேர்டோடு இரண்டாவது ஒரு சரிபார்ப்பு, பொறுப்புக்கென்று தகுதியுள்ள ஒருவரை நியமிப்பது எல்லாம் அப்போதுதான் கட்டாயமாயின.

இத்தனை ஆண்டுகளாக வந்த சோதனைகளுக்கெல்லாம் ஒரே திசைதான். கல்வித் துறை உள்ளே நிற்கும். வங்கி, உத்தரவாத நிறுவனம், கம்பெனி, கல்லூரி எல்லாம் வெளியே நிற்கும். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைக் கேள்வி கேட்பார். 2025 பிப்ரவரியில் கேள்வி திரும்பியது. அரசுச் செலவைக் குறைக்கவென்று புதிதாக உண்டாக்கிய ‘டோஜ்’ குழுவினருக்குக் கல்வித் துறையின் மாணவர் கடன் விவரங்கள் திறந்துவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. நான்கு கோடிக்கும் மேற்பட்ட கடனாளிகள். கலிஃபோர்னியா மாணவர் சங்கம் ஒன்று வாஷிங்டனில் வழக்குப் போட்டது. அவசரத் தடை கிடைக்கவில்லை. ஆசிரியர் சங்கங்கள் மேரிலாந்தில் போட்ட வழக்கில் நீதிபதி டெபோரா போர்ட்மன் பிப்ரவரி 24ஆம் தேதி தடை விதித்தார். ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்துச் செய்தது. வழக்காடியவர்கள் இரு தரப்பும் சுற்றிச் சுற்றி வந்தது ஒரு சட்டக் கேள்வியைத்தான்: விவரம் வெளியே போகாமல், பார்க்கத் தேவையில்லாத ஒருவர் அதைப் பார்த்தாலே கடனாளிக்கு நஷ்டம் என்று சொல்ல முடியுமா, முடியாதா.